ஹெர்னியா பெல்ட்டைப் படுத்துக்கொண்டு கட்டுங்கள்

குளித்துவிட்டு வந்து, துண்டோடு கண்ணாடி முன்னால் நின்று, ஹெர்னியா வீக்கத்தின் (வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியே குடல் பிதுங்கிய வீக்கம்) மேலேயே பெல்ட்டை வைத்து இறுக்குகிறவர்கள் நிறையப் பேர். வெல்க்ரோ ஒட்டியதும் வீக்கம் அமுங்கிவிட்டதுபோல் தெரியும். பத்து மணிக்குத் தொடையிடுக்கில் ஒரு கடுப்பு, மத்தியானத்துக்குள் விதைவரைக்கும் வலி. "இந்த பெல்ட் சரியில்லை" என்று அலமாரியில் போட்டுவிடுவார்கள். உண்மையில் பெல்ட்டில் கோளாறு இல்லை. கட்டிய நேரத்தில் குடல் வெளியே இருந்தது, அதுதான் சிக்கல். வெளியே வந்து நிற்கும் குடலின் மேல் பெல்ட்டின் பேட் (அழுத்தும் மெத்தைத் துண்டு) அழுத்தினால், அது உள்ளே போகாது. இருக்கிற இடத்திலேயே நசுங்கும்.

இந்த பெல்ட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். உள்ளே போன குடல் திரும்ப வெளியே வராமல் வாசலில் நிற்பது. உள்ளே தள்ளும் வேலை அதற்கு இல்லை, ஓட்டையை அடைக்கும் வேலையும் இல்லை. பெரியவர்களுக்கு வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை தானாக மூடாது. தைத்தோ வலை வைத்தோதான் மூட வேண்டும். ஆபரேஷன் தேதி வரும்வரை, அல்லது இருதயம், நுரையீரல் காரணமாக ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், வேலைக்குப் போய்வர ஒரு துணை. பெல்ட்டிடம் அதற்கு மேல் எதிர்பார்க்காதவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

மலாய்க்காரர்கள் இதை 'ஆங்கின் பாசாங்' என்பார்கள். நம் பெரியவர்கள் 'வாயு இறங்கிவிட்டது' என்பார்கள். இரண்டு மொழியும் காற்றின் மேலேயே பழியைப் போட்டது வேடிக்கைதான். ஆனால் அந்தப் பெயரால் ஒரு கெடுதலும் உண்டு. வாயு என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்று தோன்றும். உருவிவிடுபவரிடம் போய் அடிவயிற்றை நீவச் சொல்வார்கள். அங்கே தோலுக்கு அடியில் இருப்பது குடலோ குடலை மூடும் கொழுப்போ. நீவினால் கன்றிப்போகும்.

பெல்ட் வாங்குவதற்கு முன், அது ஹெர்னியாதானா, எந்த வகை என்று ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொடையிடுக்கில் நெறிகட்டினாலும் வீங்கும், விதைப்பையில் நீர் சேர்ந்தாலும் வீங்கும். மலேசிய அரசின் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். நிற்க வைத்து, இருமச் சொல்லி, படுக்க வைத்துப் பார்ப்பார்கள். தேவையென்றால் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்.

எந்த வகை என்பது ஏன் முக்கியம்? தொடை மடிப்புக்கு மேலே வருவது இங்குவைனல் ஹெர்னியா. ஆண்களில் நாலில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 27 விழுக்காட்டினருக்கு, வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. பெண்களில் 3 விழுக்காடு. பெல்ட் பெரும்பாலும் இதற்காகத்தான் செய்யப்படுகிறது. மடிப்புக்குக் கீழே, தொடையின் உட்பக்கம் எலுமிச்சை அளவில் வருவது ஃபெமரல் ஹெர்னியா. வயதான பெண்களிடம் அதிகம் காணப்படும். அதன் வாய் குறுகலாக இருப்பதால் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம். அதற்கு பெல்ட் கட்டவே கூடாது, சீக்கிரம் ஆபரேஷன்தான். உள்ளே தள்ளினாலும் போகாத எந்த ஹெர்னியாவுக்கும் பெல்ட் கிடையாது.

பொறுத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். வட அமெரிக்காவில் 720 ஆண்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. இங்குவைனல் ஹெர்னியா இருந்தும் வலி இல்லாதவர்கள் அல்லது லேசாக மட்டும் உள்ளவர்கள். ஆபரேஷன் செய்யாமல் கவனித்து வந்த பிரிவில் குடல் சிக்கி அவசர நிலை வந்தது, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான். ஆனால் அதே ஆட்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது 68 விழுக்காட்டினர் கடைசியில் ஆபரேஷன் மேசைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். ஆகவே பதற்றம் வேண்டாம், பெல்ட்டோடு ஆயுளை ஓட்டிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம்.

இனி, கட்டும் முறை. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே கட்டுவது நல்லது. இராத்திரி முழுக்கப் படுத்திருந்ததால் குடல் தானாக உள்ளே போயிருக்கும். முதல்நாள் இரவே பெல்ட்டைத் திறந்து கட்டிலின் பக்கத்தில் வையுங்கள். காலையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் ஒரு தலையணையைத் தள்ளுங்கள். வீக்கம் இன்னும் இருந்தால் மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே, நான்கு விரல்களையும் தட்டையாக வைத்து, மேல்நோக்கிச் சற்று வெளிப்பக்கமாக ஏந்தித் தள்ளுங்கள். இடுப்பெலும்பைப் பார்த்த திசை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். விரல்நுனியால் குத்தக் கூடாது. 'களக்' என்று லேசான சத்தத்தோடு உள்ளே போவதைக் கையே உணரும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தும் போகவில்லை என்றாலும், தள்ளும்போது வலித்தாலும் அன்றைக்கு பெல்ட் இல்லை. டாக்டரைப் பார்க்கிற நாள் அது.

உள்ளே போனதும் ஒரு கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டு, மறு கையால் பேட்டை அங்கே கொண்டுவாருங்கள். இடுப்பைத் தூக்கிப் பின்பட்டியைச் சரிசெய்து, முன்பக்கம் ஒட்டி, கடைசியாகத் தொடைக்கு நடுவே வரும் நாடாவை இழுத்து மாட்டுங்கள். பிறகு ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் வயிறு இறுகி, கட்டியதெல்லாம் வீணாகும்.

காலையில் குளிக்காமல் இருக்க முடியாது என்பவர்கள் குளித்துவிட்டு, நன்றாகத் துடைத்து, திரும்பப் பத்து நிமிடம் படுத்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். ஆறு மணிக்கு எல்ஆர்டி பிடிக்க வேண்டியவர்களுக்கு இராத்திரிக் குளியலே தோது.

பேட் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் அடுத்த தவறு. இடுப்பின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொடுங்கள். அடிவயிற்றின் கீழே நடுவில் உள்ள எலும்பைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், தொடை மடிப்பும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் ஓடும். குடல் வெளியே வரும் பாதை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, கோட்டின் உட்பாதியில் இருக்கிறது. பேட் அந்தப் பாதையை மூட வேண்டும், அதாவது மடிப்புக்கு மேலே. வீக்கம் விதைப்பைப் பக்கம் இறங்கித் தெரிகிறதே என்று பேட்டையும் கீழே இறக்குவார்கள். அப்படி வைத்தால் குடல் வரும் வாசல் திறந்தே இருக்கும். விதைக்குப் போகும் இரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த வடம் பேட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விதை கனத்து வலிப்பதும், நாள் முழுக்க மந்தமான கடுப்பு இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். இரண்டு விரல்கடை மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

எழுந்து நின்றதும் மூன்று சோதனை. பேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து இருமுங்கள். ஓரத்தில் எதுவும் பிதுங்கக் கூடாது. தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து எழுங்கள். பேட் நகர்ந்தால் தொடை நாடா தளர்வு. பெல்ட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இறுக்கம் அதிகம். முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணிக்குள் மறைந்தால் சரி. மறையாவிட்டால் தளர்த்துங்கள். அப்படியே நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்கள் அதை பெல்ட்டுக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். அடியில் சிக்கினால் தோலை அறுக்கும்.

அளவைப் பற்றி: பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவரின் 34 வேறு, தொப்புள்மேல் போடுகிறவரின் 34 வேறு. தையல்கார டேப்பை எடுத்து, இங்குவைனலுக்கு இடுப்பெலும்புக்குக் கீழே, பேட் உட்காரும் மட்டத்தில் சுற்றளவு எடுங்கள். தொப்புள் ஹெர்னியாவுக்குத் தொப்புள் மட்டத்தில். சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போய்ப் பெட்டியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுப்பது நல்லது, சிறியது ஓரத்தில் சுருண்டுகொள்ளும். வலம், இடம், இரண்டு பக்கம் என்று தனித்தனியாக வரும். பிரிக்பீல்ட்ஸிலோ ஜோர்ஜ்டவுனிலோ பார்மசியில் அவசரத்தில் வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் பேட் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்.

வகைகளில், பேட் வைக்கும் பை தைத்த ஜட்டி போன்றது லேசான ஹெர்னியாவுக்குப் போதும். வெளியே தெரியாது, நாளெல்லாம் மேசை வேலை செய்பவருக்கு அதுவே உகந்தது. நின்று நடக்கிறவர்களுக்குத் தொடை நாடாவுள்ள எலாஸ்டிக் பெல்ட். இரும்பு வளையம் வைத்த பழைய 'டிரஸ்' (truss) இன்றும் சில கடைகளில் தொங்குகிறது. கெட்டியான பேட் தோலையும் தசையையும் நைத்துவிடும் என்பதால் டாக்டர் அளவெடுத்துச் சொன்னாலொழிய அது வேண்டாம். பழைய ஆட்கள் கட்டிய லங்கோடு விதைப்பையைத் தாங்கும், ஹெர்னியா வாசலை மூடாது.

ஆனால் இவற்றைவிடக் கெடுதல் செய்வது வேறொன்று. முதுகுவலிக்குப் போடும் அகலமான இடுப்புப் பட்டை, தொப்பையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் பட்டை. இவற்றைத் தொடையிடுக்கு ஹெர்னியாவுக்குக் கட்டினால் வயிறு நடுவில் அமுங்கி, அழுத்தம் முழுக்கக் கீழே இறங்கும். ஓட்டை இருப்பதும் அங்கேதான். பற்பசைக் குழாயை நடுவில் பிடித்து அமுக்கி, மூடியைத் திறந்து வைத்த கதை. மூட்டை தூக்கும் வேலையில் கம்பெனி கொடுத்த இடுப்பு பெல்ட்டும் இதில் சேர்த்தி. மேலாளரிடம் சொல்லி விலக்குக் கேட்பது நல்லது.

தொப்புள் ஹெர்னியாவுக்கு வேறு கணக்கு. பேட் தட்டையாக, ஓட்டையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். குமிழ்போல் புடைத்த சின்னப் பேட் ஓட்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்து ஓரங்களை விரித்துக்கொண்டே இருக்கும். சோறு சாப்பிட்டதும் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் வரும். ஆபரேஷன் தழும்பில் வரும் ஹெர்னியாவுக்கு மூன்று அல்லது நான்கு பட்டி கொண்ட அகலமான பைண்டர், அதாவது வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை. ஏறக்குறைய 9 அங்குலம், 12 அங்குலம் என்று வரும். கீழ்விளிம்பு இடுப்பெலும்பைத் தொட்டு, மேல்விளிம்பு விலாவுக்குக் கீழே நிற்க வேண்டும். குள்ளமானவர் 12 அங்குலம் வாங்கினால் உட்காரும்போது மூச்சு முட்டும். கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளை பெற்ற பெண்கள் பழைய சேலையிலோ பெங்குங் துணியிலோ வயிறு கட்டும்போது தொப்புளில் வீக்கம் இருந்தால், முதலில் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

கைக்குழந்தைக்குத் தொப்புள் துருத்தினால் காசு வைத்துக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். காசால் அது வேகமாக மூடுவதில்லை, தோல்தான் புண்ணாகிறது. பெரியவர்களிடம் இதைச் சொல்லிச் சமாளிப்பது மருமகளின் சாமர்த்தியம்.

நம் ஊர்ச் சூடும் ஈரமும் பெல்ட்டுக்கு எதிரி. குளிர்நாட்டுக்காரன் எழுதிய 'நாள் முழுவதும் அணியலாம்' என்ற வரியை பட்டர்வொர்த் வெயிலில் லாரி ஓட்டுபவர் நம்பினால் ஒரே வாரத்தில் தொடையிடுக்கில் படர்தாமரை வந்துவிடும். மெல்லிய பருத்தி ஜட்டிக்கு மேல்தான் பெல்ட், வெறும் தோலில் வேண்டாம். மத்தியானம் படுக்க இடம் கிடைத்தால் கழற்றி, துடைத்து, ஜட்டியை மாற்றி, படுத்தபடியே திரும்பக் கட்டுங்கள். பவுடர் கொட்டாதீர்கள், வியர்வையில் களியாகி மடிப்பில் உறையும். அரிப்பு வந்தால் கையில் கிடைத்த கிரீமைத் தடவ வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தது என்றால் முதலில் ஆறியதுபோல் காட்டி, பிறகு பரவும். இனிப்புநீர் உள்ளவர்கள் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். தோல் மரத்திருந்தால் பேட் அறுப்பது தெரியாது.

ஒன்றுக்கு இரண்டு பெல்ட் வேண்டும். துவைத்தது காய, மழைக்காலத்தில் ஒரு முழு நாள் போதாது, அடுக்குமாடிப் பால்கனியில் சொல்லவே வேண்டாம். வெல்க்ரோவை மூடி, மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் கசக்கி, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாகப் போடுங்கள். தெருமுனைக் காசு டோபியின் டிரையரில் போட்டால் அதன் சூட்டில் எலாஸ்டிக் செத்துவிடும். சாஃப்ட்னரும் ஆகாது. வெல்க்ரோ பல்லில் சேரும் நூல்பிசிறைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். புதிதில் எங்கே ஒட்டினீர்களோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதே இறுக்கத்துக்கு இப்போது மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒட்ட வேண்டியிருந்தால் எலாஸ்டிக் போய்விட்டது, மாற்றுங்கள்.

பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் எடை தூக்குவது பெரிய ஏமாற்று. 14 கிலோ எரிவாயுத் தோம்பு என்பது எரிவாயுவின் எடை மட்டும்தான், இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கொண்டுவரும் பையனையே அடுப்படிவரை வைக்கச் சொல்லுங்கள். கப்சாய் மோட்டாரை உதைத்துக் கிளப்புவது, இரட்டைக்காலில் தூக்கி நிறுத்துவது இரண்டுமே பேட்டை நகர்த்தும். கோயிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் பெல்ட் மேலேறும், எழுந்ததும் ஒதுங்கிச் சரிசெய்யுங்கள். தொழுகையில் சுஜூதுக்குக் குனியும்போதும் இதே தொல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழும் சலுகையைப் பற்றி இமாமிடம் கேட்கலாம். தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் பத்துமலையின் 272 படியையோ, தண்ணீர்மலையில் 500-க்கும் மேற்பட்ட படியையோ சுமையில்லாமல் மெதுவாக ஏறுவது வேறு, காவடியோடு ஏறுவது வேறு. பெல்ட் கட்டிக்கொண்டு காவடி எடுப்பது வேண்டாம். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பான்.

எடையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது தினமும் முக்குவது. ஆறாத இருமல், மலச்சிக்கல், புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்குவது, இந்த மூன்றும் ஒவ்வொரு நாளும் ஓட்டையைப் பெரிதாக்கும். சிகரெட்டை நிறுத்துவது, கீரை, பப்பாளி, தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல், சிறுநீர் சொட்டினால் அதற்குத் தனியாக வைத்தியம். இருமலோ தும்மலோ வரும்போது பேட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். இவற்றைக் கவனிக்காமல் ஆபரேஷன் செய்துகொண்டால் திரும்ப வரும் வாய்ப்பும் கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு எந்த உள்ளாடை, எத்தனை நாள் என்பது தைத்தவர் சொல்வதுதான். பழைய பேட்டை அவரைக் கேட்காமல் புதுத் தையல்மேல் வைக்காதீர்கள்.

'ஆபரேஷன் இல்லாமல் ஹெர்னியா குணம்' என்று முகநூலில் வரும் பெல்ட், எண்ணெய் விளம்பரங்களை நம்பாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், மருந்தோ கருவியோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாத 20 நோய்களைப் பட்டியலிடுகிறது. ஹெர்னியா அதில் பெயரோடு இருக்கிறது. ஆக, அப்படி விளம்பரம் செய்கிறவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறிவிட்டார்.

கடைசியாக, பெல்ட்டைக் கழற்றி எறிய வேண்டிய நேரம். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் திடீரென்று கல்போல் கெட்டியாகி, தொட்டால் வலித்து, படுத்தாலும் போகாமல் நின்றால், தோல் சிவந்தோ கறுத்தோ தெரிந்தால், வாந்தி வந்தால், காற்றும் மலமும் போகாமல் வயிறு உப்பினால், குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். அழுத்தித் தள்ளாதீர்கள். தெருவோர 24 மணி நேரக் கிளினிக்கில் வரிசையில் நின்று நேரத்தை விடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போங்கள். கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியோ பினாங்கு பெரியாஸ்பத்திரியோ, எது பக்கமோ அது. வண்டி இல்லையென்றால் 999. வலிக்கு ஒரு வாய் மைலோ குடித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் யாராவது கலக்கிக் கொடுப்பார்கள். வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மை கார்டு, சாப்பிடும் மாத்திரைகள், குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதன் அட்டை, இவற்றைப் பையில் போடுங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட வருகிறவர் கையில் கொடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அதைத்தான் கேட்பார், அந்த நேரத்தில் பதில் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.